ஏத்துன கையே இறக்கணும், சிஸ்டர்

கேள்வி: சார், டெல்டா பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரி எஸ்என்சியுல (பச்சக்குழந்தைங்களுக்கான சிறப்பு சிகிச்சை வார்டு) ஆறு வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். முன்னாடியெல்லாம் 28, 29 வாரத்துல பொறந்த குழந்தைங்க தங்குறதே கஷ்டம். இப்ப பொழைக்குதுங்க, ஆனா ஆக்சிஜன விட்டு வெளிய வர மாட்டேங்குதுங்க. போன மாசம் ஒரு பொண் குழந்தை, 29 வாரம், 1,100 கிராம், எழுபது நாள் எங்ககிட்ட இருந்துட்டு கடைசில ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோட தான் வீட்டுக்குப் போச்சு. டியூட்டி டாக்டர் "குறைமாசம்னா நுரையீரல் அப்படித்தான் சிஸ்டர்"ங்கிறார். புதுசா வந்த சீஃப் "இதெல்லாம் நம்ம கையில தான் இருக்கு"ங்கிறார். எது நிஜம்? எங்ககிட்ட பபுள் சிபாப் (மூக்கு வழியா லேசான அழுத்தத்துல காத்து குடுக்குறது) மூணு, வென்டிலேட்டர் ரெண்டு, புது மிஷினுக்கு காசு இல்ல, நைட்ல ஒரு ஆளு பத்து குழந்தை பாக்குறோம். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? அந்தப் பாப்பாவோட அம்மா வேற அடிக்கடி போன் பண்ணி ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

சிஸ்டர், உங்க சீஃப் சொல்றது சரி, டியூட்டி டாக்டர் சொல்றது பாதி சரி. 29 வாரத்துல பொறந்தது உங்க கையில இல்ல. ஆனா பொறந்ததுக்கு அப்புறம் அந்த நுரையீரலுக்குள்ள எவ்வளவு காத்து, எவ்வளவு அழுத்தத்துல, எவ்வளவு ஆக்சிஜனோட போகுதுங்கிறது மனுஷங்க கையில தான், அதுலயும் உங்க கையில தான் ஜாஸ்தி. நாங்க ரவுண்ட்ஸ் வந்து ஒரு குழந்தைக்கு அஞ்சு நிமிஷம் நிப்போம், மிச்ச நேரம் அந்த ஆக்சிஜன் நாபைத் திருப்புறது யாரு?

ஏழாம் மாசத்துல நுரையீரல் எப்படி இருக்கும்னு ஒரு தடவை மனசுல கொண்டு வாங்க. காத்துப்பை எல்லாம் இன்னும் சின்னச் சின்னதா பிரிஞ்சிருக்காது, கொஞ்சம் பெரிய பெரிய அறைங்க மட்டும் இருக்கும், சுவரு தடிமனா இருக்கும், அதை ஒட்டிக்காம திறந்து வைக்கிற சர்ஃபாக்டன்டும் கம்மி. நிஜமான காத்துப்பை பிரியறது பெரும்பாலும் 32 வாரத்துக்கு மேல தான், அதுவும் பொறந்த பிறகும் ரெண்டு மூணு வருஷம், அதுக்கு மேலயும் நடக்குது. அப்படி பாதியில நிக்கிற வேலைக்கு நடுவுல நாம அழுத்தமா காத்து அடிச்சு, தேவைக்கு மேல ஆக்சிஜன் குடுத்து, நடுவுல ஒரு செப்சிஸும் (ரத்தத்துல கிருமித் தொற்று) வந்துட்டா, கட்டுற வேலை அப்படியே நின்னு போயிடுது. இந்த நாள்பட்ட நுரையீரல் வியாதியத்தான் சிஎல்டி, இல்ல பிபிடின்னு சொல்றோம், ரெண்டும் ஒண்ணு தான். 1967ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல நார்த்வேன்னு ஒரு எக்ஸ்ரே டாக்டர் தான் முதல்ல இதை எழுதினார், வென்டிலேட்டர்ல ஜாஸ்தி ஆக்சிஜனோட வச்சிருந்த குழந்தைங்க படத்தைப் பாத்துட்டு. அதாவது இந்த வியாதிக்குப் பேர் வச்ச நாள்லேர்ந்தே நம்ம வைத்தியமும் இதுல ஒரு பங்காளி.

"எங்க ஊர்ல வசதி இல்ல, அதனால வருது"ன்னு நினைக்காதீங்க. 1987ல மேரி எலன் ஏவரி, அதான் சர்ஃபாக்டன்ட் இல்லாததால தான் இந்தக் குழந்தைங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு 1959ல கண்டுபிடிச்சவங்க, அவங்க அமெரிக்காவுல எட்டு பெரிய ஆஸ்பத்திரி கணக்கை வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. எட்டுமே பெரிய பேரு, எல்லா மிஷினும் இருக்கு. அதுல ஒரே ஒரு இடத்துல மட்டும் சிஎல்டி தெளிவா கம்மி, நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி. அங்க ஜென்-டியன் வுங்னு ஒரு டாக்டர், பொறந்த உடனே மூக்குல சிபாப் போட்டுட்டு, டியூப் போடறதுக்கு அவசரப்படாம, நர்சுங்களோட கூடவே நின்னு பாப்பார். அந்த சிபாப் என்னன்னு நினைக்கிறீங்க, நீங்க வச்சிருக்கிற அதே பபுள் சிபாப் தான், ஒரு பாட்டில் தண்ணி, அதுக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு குழாய். அப்புறம் 2000ல வந்த ஒரு ஆராய்ச்சியில பாஸ்டன்ல ரெண்டு ஆஸ்பத்திரியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, ஒன்றரை கிலோவுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. பாஸ்டன்ல 100க்கு 75 குழந்தைய வென்டிலேட்டர்ல போட்டாங்க, சிஎல்டி 22. நியூயார்க்ல வென்டிலேட்டர் 29, சிஎல்டி 4. ஒரே நாடு, ஒரே மாதிரி எடை, பழக்கம் தான் வேற.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்க. நான் உங்க இடத்துல இருந்தா ஆக்சிஜன் நாப்லேர்ந்து ஆரம்பிப்பேன், ஏன்னா அதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

முதல்ல என் கதை ஒண்ணு சொல்லிடறேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பிஜி படிக்கிறப்போ நாங்க வேலை பாத்த ஒரு இடத்துல மானிட்டர் அலாரம் சத்தம் தாங்காம ஸ்பீக்கர் மேல பிளாஸ்டர் ஒட்டி வச்சிருப்பாங்க. நானும் ஒட்டியிருக்கேன். ஒரு நைட்டு 30 வாரப் பையன் ஒருத்தன், சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன் சதவீதம்) எழுபதுக்கு இறங்குச்சு, ஓடிப் போய் குடுக்கிற ஆக்சிஜன 80 சதவீதத்துக்குத் திருப்பினேன், பையன் ரோஸ் கலர் ஆயிட்டான், அதுக்குள்ள தியேட்டர்லேர்ந்து சிசேரியன்னு போன் வந்துச்சு, போயிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா மானிட்டர்ல 100, ஆக்சிஜன் அதே 80. யாருமே தொடல. குழந்தை ரோஸா இருக்கு, அலாரம் அடிக்கல, யாரு தொடுவா? அந்த ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது, ஏன்னா பல்ஸ் ஆக்சிமீட்டர் 99, 100ன்னு காட்டுறப்போ ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் மெர்குரியா 250ஆன்னு அதால சொல்லவே முடியாது. அது தான் இதுல இருக்கிற ஆபத்து, கண்ணு பாதிக்கிற ஆர்ஓபிக்கும் இதே தான் வழி.

அதனால ஆக்சிஜன்ல இருக்கிற ஒவ்வொரு குறைமாசக் குழந்தைக்கும் சாச்சுரேஷன் டார்கெட் 90லேர்ந்து 94ன்னு வச்சுக்கோங்க, அலாரம் கீழ 89, மேல 95. மேல அலாரத்தை 100ல வச்சா அது அலாரமே இல்ல, அணைச்சு வச்சதுக்கு சமம். (ரூம் ஏர்ல இருக்கிற குழந்தைக்கு மேல் அலாரம் வேண்டாம், அது 99 காட்டினா சந்தோஷப்படுங்க.) சாச்சுரேஷன் இறங்கினா கை முதல்ல நாபுக்குப் போகக் கூடாது. ஆக்சிமீட்டர் ப்ரோப் சரியா ஒட்டியிருக்கா, ப்ராங் (சிபாப்போட மூக்குக் குழாய்) மூக்குல இருக்கா இல்ல கன்னத்துல இருக்கா, கழுத்து மடங்கியிருக்கா, மூக்குல சளி அடைச்சிருக்கா, குழந்தை மூச்சு விடுதா, இதைப் பாக்க பத்து செகண்ட் கூட ஆகாது. அதுக்கப்புறமும் ஏத்தணும்னா ரெண்டு, அஞ்சுன்னு ஏத்துங்க, 30லேர்ந்து ஒரேடியா 80க்குப் போகாதீங்க. அப்படி அவசரத்துல ஏத்தியே ஆகணும்னா, ஏத்துனவங்க தான் நின்னு இறக்கணும். ஏத்துன கையே இறக்கணும், இதை மட்டும் ஒரு ரூலா வார்டுல போட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. சிஎல்டிய குறைக்கிறேன்னு சொல்லிட்டு டார்கெட்டையே 85க்கு இறக்கிடாதீங்க. 2010ல சப்போர்ட்னு ஒரு பெரிய ட்ரையல் வந்துச்சு, 85-89ல வச்ச குழந்தைங்களுக்கு கண்ணு பாதிப்பு கம்மியாச்சு, ஆனா சாவு ஜாஸ்தியாச்சு. உங்க சீஃப் ஆர்வத்துல "இன்னும் இறக்குங்க"ன்னா இதைச் சொல்லுங்க, கோச்சுக்க மாட்டார்.

அடுத்து மூக்கு. சிபாப் போட்டுட்டோம்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டா சிபாப் ஆயிடாது. பாட்டில்ல குமிழ் வரலைன்னா அந்தக் குழந்தைக்கு அழுத்தம் போகலைன்னு அர்த்தம், பாதி நேரம் வாய் திறந்திருக்கும் இல்ல ப்ராங் சைஸ் சின்னதா இருக்கும். மூக்கு ஓட்டை நிறையுற சைஸ் ப்ராங் போடணும், சின்னது போட்டா லீக்கும் ஆகும், லீக்கை அடைக்கிறோம்னு அழுத்தி அழுத்தி மூக்கு நடுத்தண்டும் புண்ணாகும். ப்ராங்குக்கும் நடுத்தண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி தெரியணும், டார்ச் அடிச்சுப் பாருங்க. தொப்பி சைஸ் சரியில்லைன்னா குழாய் ஆடிக்கிட்டே இருக்கும். வாய் திறந்தே இருந்தா தாடைக்கு மெல்லிசா ஒரு பட்டி. குழாய்ல தேங்குற தண்ணிய குழந்தை பக்கம் ஓட விடாம வடிச்சு விடுங்க. ஹ்யூமிடிஃபையர் ஓடாம வறண்ட காத்து போச்சுன்னா சளி கட்டியாகி மூக்கு அடைச்சு, குழந்தை திணறி, கடைசில நாங்க வந்து "சிபாப் ஃபெயில்"னு எழுதி டியூப் போட்டுடுவோம். நிஜத்துல ஃபெயில் ஆனது சிபாப் இல்லன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

இப்ப லேபர் ரூம். இது உங்க ஏரியா இல்ல, அங்க வேற சிஸ்டருங்க, வேற எச்ஓடி, அந்தச் சண்டையெல்லாம் எனக்குத் தெரியும், ஆனா முதல் பத்து நிமிஷத்துல பண்ற காயத்தை எழுபது நாள் எஸ்என்சியுல ஆத்த முடியாது. ஆயிரம் கிராம் குழந்தையோட ஒரு மூச்சு அஞ்சு மில்லி, ஒரு டீஸ்பூன். மூச்சு குடுக்க நம்ம கையால அமுக்குற ஆம்பு பை சுமார் 240 மில்லி. பதட்டத்துல முழுசா அமுக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்வீடன்ல 1997ல குறைமாச ஆட்டுக்குட்டிங்க மேல ஒரு சோதனை பண்ணாங்க, பொறந்த உடனே வெறும் ஆறே ஆறு பெரிய மூச்சு குடுத்தாங்க, அவ்வளவு தான், அதுக்கப்புறம் சர்ஃபாக்டன்ட் குடுத்தும் நுரையீரல் சரியா விரியல. நெஞ்சு லேசா ஏறினா போதும், ரெண்டு விரல் போதும் பைக்கு. உங்க லேபர் ரூம்ல டீ-பீஸ் (பைக்குப் பதிலா மூச்சு குடுக்குற கருவி) இருந்தா அதையே யூஸ் பண்ணச் சொல்லுங்க, அழுத்தம் அளவா போகும், மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் ஒட்டிக்காது. காத்தையும் ஆக்சிஜனையும் கலக்குற பிளெண்டர் இல்லைன்னா, ஆக்சிஜன் சேத்து வைக்கிற ரிசர்வாயர கழட்டிட்டு ஆம்பு யூஸ் பண்ணா சுமாரா 40 சதவீதம் தான் போகும், மாட்டினா 90க்கு மேல. குறைமாசத்துக்கு 30 சதவீதம் பக்கத்துல ஆரம்பிச்சு, ப்ரோபை வலது கையில மாட்டி, பாத்துப் பாத்து ஏத்தினா போதும், அஞ்சாவது நிமிஷத்துல சாச்சுரேஷன் 80, 85 வந்தாலே நல்லது, உடனே 95 வரணும்னு யாரும் ஓடக்கூடாது. அழுற குழந்தைன்னா தொப்புள்கொடிய ஒரு நிமிஷம் விட்டுக் கட்டுங்க, துடைக்காம அப்படியே கழுத்து வரைக்கும் பிளாஸ்டிக் கவர்ல போடுங்க, மூச்சு விடற குழந்தைக்கு அங்கேயே சிபாப். லேபர் ரூம்லேர்ந்து உங்க வார்டுக்கு வர்ற வழியில தான் பல இடத்துல எல்லாம் கோட்டை விடறது, வெறும் மாஸ்க்ல ஃபுல் ஆக்சிஜன வச்சு ஒரு அட்டெண்டர் தூக்கிட்டு ஓடி வருவார்.

அம்மாவுக்குப் போடற ஸ்டீராய்டு ஊசி, டெக்சா 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு. ஆக்லாந்துல லிக்கின்ஸும் ஹோவியும் 1972லேயே காட்டினது, இன்னமும் "இப்ப டெலிவரி ஆயிடும், போட்டு என்ன யூஸ்"னு விட்டுடறாங்க. முதல் டோஸையாவது போட்டுடணும், பிஎச்சிலேர்ந்து 108ல ஏத்துறதுக்கு முன்னாடியே. இது நேரா சிஎல்டிய குறைக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்குத் தெளிவான ஆதாரம் இல்ல, ஆனா மூச்சுத் திணறலும் சாவும் கம்மியாகும்.

கஃபீன் பத்தி ஒரு வார்த்தை. காபியில இருக்கிற அதே சரக்கு தான். மூச்சு நின்னு நின்னு போறதுக்குன்னு குடுத்துட்டு இருந்தாங்க, 2006ல ஒரு பெரிய ட்ரையல்ல பாத்தா கஃபீன் வாங்காத குழந்தைங்கள்ல 100க்கு 47 பேருக்கு பிபிடி, வாங்கினவங்கள்ல 36. இவ்வளவு மலிவா இவ்வளவு பலன் தர்றது நம்ம தொழில்ல ரொம்ப கம்மி. உங்க வேலை டோஸ் மிஸ் ஆகாம பாக்குறது, ஹார்ட் ரேட் 180க்கு மேல நின்னா டாக்டர்கிட்ட சொல்றது. சனி ஞாயிறுல ஸ்டாக் இல்லன்னு ரெண்டு நாள் விட்டுப் போற கதை உங்க வார்டுலயும் இருக்கும்னு நினைக்கிறேன், இன்டென்ட்ட வெள்ளிக்கிழமையே போட்டுடுங்க.

சர்ஃபாக்டன்ட் எப்போ, வென்டிலேட்டர் செட்டிங் என்ன, இதெல்லாம் டாக்டருங்க பாடு, ஆனா டியூப்ல இருக்கிற குழந்தைக்கு தினமும் காலை ரவுண்ட்ஸ்ல "சார், இன்னிக்கு டியூப் எடுக்கலாமா?"ன்னு நீங்க கேக்கலாம். கேக்கணும். ஒரு நாள் கேட்டா முறைப்பாங்க, பத்து நாள் கேட்டா அவங்களே யோசிச்சு வச்சுட்டு வருவாங்க. கை கழுவுறது, தாய்ப்பால், கங்காரு (குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டி வைக்கிறது) இதுக்கெல்லாம் நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல, ஆனா சிஎல்டி கணக்குல இதையும் சேருங்க, ஏன்னா ஒரு செப்சிஸ் வந்தா குழந்தை திரும்ப வென்டிலேட்டர் ஏறும், அங்க ஏறினா இறங்க ஒரு வாரம். சிபாப்ல இருக்கிற குழந்தையையும் ஸ்டேபிளா இருந்தா அம்மா நெஞ்சுல வைக்கலாம், குழாய பிடிக்க ஒரு ஆளு வேணும், அவ்வளவு தான்.

நைட்ல ஒரு ஆளுக்கு பத்து குழந்தைன்னா இதுல பாதி நடக்காதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு ஆள் போடணும், அதை சீஃப் எழுதிக் கேக்கணும், நீங்க குற்ற உணர்ச்சியில கரையறதால ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஒரு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. தினமும் மூணு ஷிப்ட்லயும், ஏதாவது ஒரு நேரத்துல, சொல்லாம கொள்ளாம ஒரு ரவுண்ட் போய் ஆக்சிஜன்ல இருக்கிற குழந்தை எத்தனை, அதுல 95க்கு மேல நிக்கிறது எத்தனை, மேல் அலாரம் 95ல இருக்கிறது எத்தனைன்னு மூணே நம்பர் எழுதுங்க. யார் டியூட்டின்னு பேர் எழுதாதீங்க, எழுதினா அன்னிக்கே நம்பர் எல்லாம் அழகாயிடும். முதல் வாரம் பாக்க மோசமாத்தான் இருக்கும். ஒரு மாசம் கழிச்சு அது ஒழுங்கானதும் அடுத்தது சிபாப் குமிழ், அப்புறம் லேபர் ரூம். எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா ஃபார்ம் நிரப்புறதுக்கே தனியா ஒரு சிஸ்டர் வேணும்.

இதெல்லாம் பண்ணியும் சிஎல்டி நம்பர் உடனே இறங்கலைன்னா சோர்ந்து போகாதீங்க. அமெரிக்காவுல 2007ல வந்த ஒரு ட்ரையல்ல நல்லா பண்ற ஆஸ்பத்திரிங்க பழக்கத்தை மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, பழக்கம் மாறுச்சு, பிபிடி மாறல. கனடாவுல 2009ல கிட்டத்தட்ட அதே மாதிரி பண்ணாங்க, அங்க குறைஞ்சுது. இன்னொண்ணு, நீங்களே எழுதியிருக்கீங்க, முன்னாடி தங்காத குழந்தைங்க இப்ப தங்குதுன்னு. அதுங்களும் கணக்குல வருது இல்லையா? அதனால சிஎல்டி மட்டும் தனியா எழுதாம, பொழைச்சு ஆக்சிஜன் இல்லாம வீட்டுக்குப் போன குழந்தை எத்தனைன்னும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.

கடைசியா அந்த அம்மா. போன் வந்தா எடுங்க சிஸ்டர். ஏன் வந்துச்சுன்னு கேட்டா, "சீக்கிரம் பொறந்ததால நுரையீரல் பாதியில இருந்துச்சு, உயிரக் காப்பாத்தக் குடுத்த ஆக்சிஜனும் மிஷினும் அதைக் கொஞ்சம் கஷ்டப்படுத்திடுச்சு, நீங்க சாப்பிட்டதாலயோ வேலை செஞ்சதாலயோ வரல"ன்னு நேராச் சொல்லலாம், பொய் இல்ல. பெரும்பாலான குழந்தைங்க முதல் வருஷத்துக்குள்ள ஆக்சிஜன விட்டு வந்துடும், எடை ஏற ஏற புது காத்துப்பை வளரும், அதனால எடை தான் முக்கியம். கரண்ட் போனா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க, ஒரு சின்ன சிலிண்டர் ஸ்பேர் இருக்கணும். தடுப்பூசி பொறந்த தேதிக் கணக்குப்படி, ஆறு மாசம் முடிஞ்சா ஃப்ளூ ஊசியும். கண்ணு செக்கப் தேதி விடக்கூடாது. சளி இருக்கிற சொந்தக்காரங்க பாப்பாவத் தூக்க வேண்டாம், கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

அப்புறம் பாட்டிகிட்ட போன குடுக்கச் சொல்லுங்க. தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி போடறாங்களான்னு கேளுங்க, பெரும்பாலும் போடுவாங்க, நீங்களா கேக்காம சொல்ல மாட்டாங்க. இந்த நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது, போதாக்குறைக்கு ஆக்சிஜன் ஓடற குழாய் பக்கத்துல தணல் கொண்டு வந்தா தீப்பிடிக்கும். மூக்குல எண்ணெய் விடறது, கொசுவத்தி, பவுடர் கொட்டுறது, இதையும் நிறுத்தச் சொல்லுங்க. ஈரத்தலைக்கு என்ன பண்றதுன்னு பாட்டி கேப்பாங்க. துண்டால நல்லா துவட்டி, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, அம்மா நெஞ்சோட அரை மணி நேரம் போட்டுக்கச் சொல்லுங்க, தலை தானா காஞ்சுடும்.